கீழ் வாசலில் ஒட்டிய நியாயம்

போன கிழமை நான் ஒரு நியாயம் செய்தேன். அதன் பலனை இந்தக் கிழமை அனுபவிக்கிறேன்...

நோர்வேயில், ரொம்சோஸ் என்ற இடத்தில் இருக்கிற எங்கள் கட்டிடத்தில் வசந்தம் வந்தால் 'டுக்னாட்' நடக்கும். குடியிருக்கிற எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டி, குப்பை அள்ளி, கடைசியில் கோப்பி குடிப்போம். வராமல் விடுவது, ஊரில் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுகிற மாதிரி. நான் வேறு நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கேட்கவா வேண்டும்?

இந்த முறை சனிக்கிழமை வைத்தோம். மூன்று வீட்டார் வரவில்லை. இரண்டு, நோர்வீஜியர் வீடு. போன் எடுத்து, "சுகமில்லையோ?" என்று தேனாய் விசாரித்தேன். மூன்றாவது, நாலாம் மாடி மாலினி. எங்கட ஆள்! அவளுக்கு மட்டும் அடுத்த நாளே பெயர் போட்டுக் கீழ் வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். தமிழன் தமிழனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று பெயர் வரக்கூடாது, பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அவளை லிப்டில் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, கோவமோ?"

"டுக்னாட் நடந்த சனிக்கிழமை எனக்கு முதியோர் இல்லத்திலை வேலை. அதாலை முதல் நாளே தனிய நிண்டு சைக்கிள் அறையைக் கழுவினனான். போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அவளோடு பதினைந்து வருசப் பழக்கம், போச்சே! ஓடிவந்து நோட்டீஸைக் கிழித்தேன். "நியாயம் நடந்துவிட்டது" என்றேன், பக்கத்து வீட்டு கரெத்திடம்.

கரெத் வேல்ஸ்காரர். சிரித்தார்.

"எங்கள் மொழியில் நீதிக்கு 'கவ்யவ்ன்டெர்' என்போம். நேர்மைக்கும் அதே சொல்தான். அதற்குள்ளே 'யவ்ன்' என்று ஒன்று இருக்கிறது. சரி என்றும் பொருள். செய்த பிழைக்குக் கொடுக்கிற ஈடு என்றும் பொருள். நீ கிழித்தாய், சரி. ஈடு எங்கே?"

எனக்கு வெட்கமாகிப் போயிற்று. நியாயம் கதைப்பதில் நாங்கள் சூரர்கள் — ஈடு என்றால் மட்டும் காது கேட்காது.

அன்றே புது நோட்டீஸ் எழுதினேன். 'மாலினி முதல் நாளே வேலை செய்தவர். விசாரிக்காமல் எழுதியது என் பிழை.' கீழே என் பெயர். அதே இடத்தில் ஒட்டிவிட்டு, மாலினியைக் கூட்டிவந்து காட்டினேன். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"ஓம் அண்ணை, வடிவா எழுதியிருக்கிறியள்."

அப்பாடா! கழற்றக் கையை நீட்டினேன்.

"விடுங்கோ. என்ரை பேர் அஞ்சு நாள் தொங்கினது. உங்கடையும் தொங்கட்டும்."

இன்றைக்கு மூன்றாம் நாள். நான் பின் கதவால் போய் வருகிறேன்.