இன்னும் ஒரு வாய்தா

உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஐந்து ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே பிறை மாதிரி ஒரு கறுப்புக் கறை. ஆயில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடிகள் அங்கே தொங்கிக் கொண்டிருந்தன. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கிணற்றுக்காரர்களுக்கு இன்ஜின் வாடகைக்கு விடுகிற தொழில் செய்தார். இன்ஜின் கிணற்றுமேட்டிலேயே கிடக்கும். கைப்பிடியை மட்டும் சாயங்காலம் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். அது இல்லாமல் எவனும் திருட்டுத்தனமாகத் தண்ணீர் இறைக்க முடியாது அல்லவா! பொங்கலுக்குப் பொங்கல் அம்மா சுண்ணாம்பு அடிப்பாள். மாசி பிறப்பதற்குள் எண்ணெய்க் கறை மறுபடி எட்டிப் பார்த்துவிடும்.

எழுபதுகளில் தொடர்ந்து மழை பொய்த்த சில வருஷங்கள் உண்டு. ஏரி வறண்டு, மாடு மேயும் திடலாகக் கிடந்தது. திருப்புலிவனம், மானாம்பதி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இன்ஜின் கேட்டு ஆள் வந்தார்கள். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் இன்ஜினோடு நிறுத்தியிருக்கலாம். காஞ்சிபுரத்து பைனான்ஸ்காரர் ஒருவரிடம் கடன் வாங்கி, மேலும் நான்கு இன்ஜின்களை இறக்கினார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது, மறு வருஷமும் நிரம்பியது. மதகைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் தானாகப் பாய்கிறபோது டீசல் போட்டு இறைக்க யாருக்கென்ன பைத்தியமா? ஊரே சிரித்த அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் மட்டும் உலை வைக்க யோசிக்க வேண்டியிருந்தது.

பைனான்ஸ்காரர் செங்கல்பட்டு கோர்ட்டில் மனு போட்டார். நைனாவைத் திவாலானவர் என்று அறிவித்து, இருப்பதை விற்றுக் கடனை அடைக்க வேண்டும் என்பது மனு. மஞ்சக் கடுதாசி என்று ஊரில் சொல்வார்களே, அதே சங்கதிதான். அப்படிப் பெயர் வாங்கியவர்கள் பிறகு எங்கள் கடைத்தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. மெட்ராஸுக்குப் போய்விடுவார்கள். நைனாவும் அதைச் சொல்லியே வைத்திருந்தார்: "தீர்ப்பு ஆச்சின்னா இந்த ஊர்ல என்னால தலை நிமிந்து நடக்க முடியாது. கெளம்பிடுவேன்." ஆகவே வழக்கு தள்ளிப்போகிற வரைக்கும்தான் அவர் எங்களோடு இருப்பார் என்பது எனக்கும் தம்பிக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

வாய்தா நாளன்று தோய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போவார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோம். இறங்கும்போதே நைனா கையில் பக்கோடாப் பொட்டலம் இருந்தால் வாய்தா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். "கோர்ட்டு எனக்கு மாமியா வூடு மாதிரி ஆயிப்போச்சி. போனா பெஞ்சில உக்கார வெச்சி, அப்பறமா வான்னு அனுப்பிடறாங்க" என்று அம்மாவைச் சீண்டுவார். அம்மா முறைப்பாள். நாங்கள் பக்கோடாத் தூளைக்கூட விடாமல் நக்குவோம். அவ்வளவு ருசியான பக்கோடாவை நான் அதற்கப்புறம் தின்றதே இல்லை. அடுத்த வாய்தா வரை நைனா எங்களுக்குச் சொந்தம் என்ற ருசி அது.

ஒரு வருஷம் கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. உபரித் தண்ணீர் வழிகிற அந்தக் கல் வரம்பில் ஊர் கூடிப் படையல் போட்டு, தண்ணீரில் பூ விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் நைனாவுக்கு வாய்தா. "நீயும் போயி பூ போடப் போறியா? அது ரொம்பினதாலதான நம்ம வூடு காயிது!" என்று அம்மா வெடித்தாள். நைனா கைநிறைய சாமந்தியை எடுத்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தோடு நின்று பூவை விட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். தம்பியைத் தூக்கி, தண்ணீரில் பூ உருண்டு போவதைக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் பஸ்ஸிலிருந்து வெறுங்கையோடு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். வழக்கமாக வக்கீலே பேசி வாய்தா வாங்கிவிடுவாராம். அன்று ஜட்ஜ் நைனாவையே நேராகக் கேட்டிருக்கிறார், எப்போது பணம் வரும் என்று. "ஏரி வத்தினா வாடகை வரும், குடுத்துடறேன்னு சொல்லணும். வக்கீலு ஜாடை காட்டிக்கினே கீறாரு. நேத்துதான் வத்தாம இரு தாயேன்னு பூ போட்டுட்டு வந்தேன். இன்னிக்கி அதே வாயால எப்பிடிடி சொல்றது? சும்மா நின்னுட்டேன்."

அம்மா திட்டுவாள் என்று பயந்தேன். அவள் அவருக்குச் சோறு போட்டாள்.

அதற்குமேல் வழக்கு தள்ளிப்போகவில்லை. இன்ஜின்களை எடுத்துப்போக லாரி வந்தது. கைப்பிடிகளை நைனாவே சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். வீடு அம்மாவின் தாய்வீட்டுச் சொத்து என்பதால் தப்பியது. தை பிறந்ததும் அவர் மெட்ராஸுக்குப் போய் ஒரு பட்டறையில் சேர்ந்தார். தீபாவளிக்கு வருவார், கடைத்தெருவைத் தவிர்த்து ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு. இரண்டு நாளில் போய்விடுவார். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பட்டறையிலேயே மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். நைனாவுடன் இருந்த காலம் என்று நான் நினைப்பதெல்லாம் அந்த வாய்தாக்களுக்கு நடுவில் இருந்த நாட்களைத்தான். இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் மனசு கிடந்து ஏங்குகிறது.

போன மாதம் ஏரி நிரம்பியிருக்கிறது என்று தம்பி போன் செய்தான். போய்ப் பூ விட்டுவிட்டு வந்தேன். இப்போது அவன் குடியிருக்கிற எங்கள் பழைய வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கூடத்துச் சுவரில் ஆணிகள் இல்லை. கறைகள் மட்டும் மங்கலாக வரிசையில் இருந்தன. பெயின்டர் பட்டி மாவைக் குழைத்துக்கொண்டு வந்து, இதைப் பூசிவிட்டால் இனிமேல் கறை தெரியவே தெரியாது என்றார்.

"இந்த செவுரு மட்டும் இப்ப வேணாம்பா. அடுத்த பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"போன பொங்கலுக்கும் இதையேதான்க்கா சொன்ன" என்று சிரிக்கத் தொடங்கிய தம்பி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு பெயின்டரிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னான்: "வுட்டுடுப்பா. வாய்தா குடுத்தாச்சி."