சேர்மன் எனக்கென்று விட்ட ஐந்து வரி

நெடுந்தீவில் சேர்மன் கந்தப்பர் காலமான செய்தி பக்கத்துத் தீவில், இறுப்பிட்டியில் இருக்கும் எனக்கு மூன்று நாள் பிந்தித்தான் வந்தது. சோளகக் காற்றில் வள்ளங்கள் ஓடவில்லை. காற்றுத் தணிந்து முதல் வள்ளத்தில் வந்திறங்கிய மீன் வியாபாரி என் படலையில் சைக்கிளை நிறுத்தி, "ஐயா, உங்கடை சேர்மன் மோசம் போயிட்டார். எல்லாம் முடிஞ்சுது" என்றார். சேர்மனின் கிராமசபையில் பதினாறு வருடம் லிகிதராக, கணக்கும் கடிதமும் எழுதி, இருந்தவன் நான். அவருக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டுக்கு, அந்த நினைவுப் புத்தகத்துக்கு, இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டிருக்கிறார். புகழ்ந்து எழுத மற்றவர்கள் இருப்பார்கள். நான் எழுத வேண்டியது வேறொன்று.

தீவின் வரலாற்றை எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத பைத்தியம். பகலில் ஒழுங்கை, கிணறு, துறை என்று சபை வேலை. வெயில் தாழ்ந்ததும் கொப்பியும் கையுமாகக் கல்வேலிகளின் ஓரமாக நடப்போம். எந்த வேலியை யார் கட்டினார்கள் என்று கேட்டுக் கேட்டு அவர் எழுதுவதைப் பார்த்து, "சேர்மன் மாட்டுக்கும் சாதகம் எழுதுவார்" என்று சனம் பகிடி பண்ணும். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டார். எழுதியதை, சொன்னவருக்கே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். "வாசிச்சுக் காட்டாமல் எழுதினால் அது வரலாறில்லை, ஊர்க்கதை" என்பார்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால், சவிரிமுத்து என்ற முதியவரிடம் நான் தனியே போனேன். ஊரின் நல்ல தண்ணீர்க் கிணற்றை வெட்டியவர்களில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று மணித்தியாலம் கதைத்தார். எனக்கோ ஊருக்குப் போகும் பின்னேர வள்ளத்தைப் பிடிக்கும் அவசரம். கிறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்; வாசித்துக் காட்டவில்லை. பிறகு துப்பரவாகப் பிரதி எடுத்தபோது கிழவரின் அலட்டல் என்று பலதை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் சவிரிமுத்து இறந்துபோனார்.

அதற்கடுத்த வருடம் மாரி பொய்த்தது. கிணற்றில் வாளி அடியில் முட்டியது. ஆழப்படுத்துவோம் என்று சபையில் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். சேர்மன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"லிகிதர், சவிரிமுத்தர் ஆழத்தைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"இல்லை அண்ணை" என்றேன். பொய் சொல்லவில்லை. மறந்துபோயிருந்தேன்.

அடிப்பாறையை உடைத்து மூன்று முழம் இறக்கினார்கள். தண்ணீர் பொங்கி வந்தது. சனம் தேங்காய் உடைத்தது. பத்தாம் நாள் தண்ணீர் கரித்தது. அன்று, தீவில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய கொப்பியைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே கிடந்தது: "அடிக்கல்லை மட்டும் உடைக்கப்படாது. மேலை மழைத் தண்ணி, கீழை கடல்."

மறுநாள் பெண்கள் குடங்களோடு சபை வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி செம்பை நீட்டி, "சேர்மன், இதைக் குடிச்சுப் பாருங்கோ. பிள்ளையளுக்கு இதைக் குடுக்க ஏலுமோ?" என்றாள். அவர் முழுவதையும் குடித்தார். "வெட்டச் சொன்னது நான். வேறை ஒருத்தரையும் நோகாதேங்கோ" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் தன் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரை விடிந்ததும் பீப்பாவில் நிரப்பி, மாட்டு வண்டியில் கிணறு கெட்ட அந்தப் பகுதிக்குக் கொண்டுபோவதை உடம்பு தளரும்வரை நிறுத்தவில்லை. வண்டிச் சத்தம் என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் குசினிக்குள் போய்விடுவேன்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது கொப்பிகள் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு கிழமை யோசித்தது உண்மை. கிழிக்கவில்லை. சொல்லவுமில்லை.

கடைசியாகப் போன வருடம் அவரைப் பார்த்தேன். கண்பார்வை மங்கியிருந்தது. கையெழுத்துப் பிரதியில் கிணற்று அத்தியாயத்தைக் காட்டினார். "நல்ல தண்ணீரைக் கெடுத்தவன் இதை எழுதுகிற நான்" என்று முடித்திருந்தார். அதன் கீழே ஐந்து வரிக்கு வெறும் தாள்.

"இதென்ன அண்ணை, இடம் விட்டிருக்கிறியள்?"

"சவிரிமுத்தர் சொன்னது வரவேணும். அது உம்மடை கொப்பியிலை கிடக்கு. நீரே எழுதும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். "அடுத்தமுறை வந்து எழுதுறன்" என்றேன். "ஓம், ஆறுதலாய் எழுதும்" என்றார். அடுத்தமுறை வரவில்லை.

அந்த ஐந்து வரிகளை இங்கே எழுதுகிறேன். அடிக்கல்லை உடைக்கக் கூடாது என்று சவிரிமுத்து சொன்னார். அதைக் கேட்டு எழுதியவன் நான். பிரதியில் எழுதாமல் விட்டவன் நான். தெரிந்த பிறகும் மறைத்தவன் நான். கந்தப்பர் என்னைக் கேட்டுத்தான் வெட்டினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்த ஒரு பழக்கம்தான். எழுதி முடித்ததும் இதை உரக்க வாசித்தேன். பிழை இருந்தால் திருத்த, எதிரே ஒருவரும் இல்லை.