மாமா கொண்டுவந்த பால்சுறா

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண் உண்டு, காது உண்டு, வாய் தேவைக்கு மேலேயே உண்டு. மூக்கு மட்டும் கிடையாது. முகத்தில் இருக்கும், மூக்குத்தி போட்டுக்கொள்ளலாம், மூச்சு விடலாம், அவ்வளவுதான். ஆம்பூரில் எங்கள் தெரு, தோல் பதனிடும் டேனரிக்குப் பின்பக்கம் இருந்தது. அப்பாவுக்கு அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் ஊறின ஆவாரம்பட்டையும் வழித்துப் போட்ட மயிரும் சேர்ந்து அடிக்கிற வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாடையே இல்லை. ரயிலில் போகிறவர்கள் எங்கள் ஸ்டேஷன் வந்ததும் முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொள்வார்கள். இவர்களுக்கெல்லாம் என்ன வந்துவிட்டது என்று நாங்கள் வேடிக்கை பார்ப்போம்.

எனக்கு அந்த வருஷம் மட்டும் மூக்கு முளைத்துவிட்டது. அம்மாவுக்கு மாதம் ஏறியதும், என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ராயபுரத்தில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா பிறந்த வீடு அது. கடலுக்குக் கூப்பிடு தூரம். அப்பா தோல் மூட்டைகளோடு பட்டணம் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் அமைந்த சம்பந்தம். மூன்று மாதம் உப்புக் காற்றும் மீன்குழம்புமாக இருந்துவிட்டு, தம்பி பிறந்த செய்தி கேட்டுத் திரும்பி வந்தேன். ஸ்டேஷனில் இறங்கும்போதே குமட்டியது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, ஏன் இப்படி நாறுகிறது என்று கேட்டுவிட்டேன். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தைதான் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இந்த நாத்தம்தான்டி உனக்குச் சோறு போடுது. இன்னொரு தபா அந்த வார்த்த உன் வாயில வந்துச்சு, சூடு வச்சிடுவேன்."

அத்தை சொன்னால் செய்கிறவள். அப்பாவின் அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள், வந்த மறுநாளே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பாவே அவள் எதிரில் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் பேசுவார். அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் அன்றைக்கே வாயைத் தைத்துக்கொண்டேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, அதிலும் ஆண்பிள்ளை. ஆனால் அம்மாவுக்குப் பால் சுரக்கவே இல்லை. பூண்டை வேகவைத்துக் கொடுத்தார்கள், முருங்கைக்கீரை கொடுத்தார்கள், சந்தையில் சுறாக் கருவாடு வாங்கி வந்து தினமும் ஒரு துண்டு சுட்டுக் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து துணித்திரியை நனைத்து வாயில் வைத்தால் கக்கிவிடுவான். நான் வந்த அன்று தெருமுனை வரைக்கும் கேட்ட அழுகை, இரண்டு நாளில் வாசல்படியைத் தாண்டவில்லை. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்டது. அழுகை நின்றுபோனால், யாருக்கும் தெரியாமல் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வந்தால் நான் மூச்சு விடுவேன்.

பக்கத்து வீட்டில் உருது பேசுகிற குடும்பம். அந்த அம்மாவை நாங்கள் காலா என்று கூப்பிடுவோம், அவர்கள் பேச்சில் சித்தி என்று அர்த்தம். காலாவுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை இருந்தது. பால் கட்டிக்கொண்டு தாங்கமுடியாமல் பீய்ச்சி ஊற்றுகிறவள். அவள் ஒருநாள் வந்து வாசலில் நின்று, "புள்ள காஞ்சி போறான்க்கா. என்கிட்ட குடுங்க, எனக்கு ஜாஸ்தியா இருக்குது, வீணாத்தான் போவுது" என்று அத்தையைக் கேட்டாள்.

அத்தைக்குக் காலாவோடு விரோதம் ஒன்றும் இல்லை. இங்கிருந்து குழம்பு போகும், அங்கிருந்து ரம்ஜான் கஞ்சி வரும். ஆனால் அவர்கள் வழக்கத்தில் பால் கொடுத்தவளும் ஒரு தாய்தான். அவள் வயிற்றுப் பிள்ளைகள் இவனுக்குக் கூடப்பிறந்தவர்கள்தான். காலாவே எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது அது. அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கென்று ஒரே ஒரு ஆண்பிள்ளை, அவனையும் பாதி பாதியாகப் பங்குபோட வேண்டுமா என்று அவளுக்கு.

"பெத்தவ நல்லாத்தான குந்திக்கினு இருக்கா? அவ படுத்த படுக்கையா கெடந்தா குடுக்கலாம். இப்ப இன்னா வந்துச்சு?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மா உள்ளே பாயில் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. பால் இல்லை என்று அப்பா எழுதிய கடிதாசியைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் கரைக்குப் போய், பச்சைப் பால்சுறா இரண்டை வாங்கி, ஓலைப்பெட்டியில் ஐஸும் மரத்தூளும் போட்டுக் கட்டிக்கொண்டு பகல் வண்டி ஏறிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குக் கருவாட்டைவிடப் பச்சைச் சுறா பத்து மடங்கு வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. கணக்கில் சித்திரை மாசத்து வெயிலைச் சேர்க்க மறந்துவிட்டார். வண்டி அரக்கோணத்தில் வேறு இரண்டு மணி நேரம் நின்றதாம். ஐஸெல்லாம் தண்ணீராகி பெஞ்சுக்கடியில் ஓட, பக்கத்தில் இருந்தவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். மாமா இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, உங்க ஊரு வரவர மோசமாவுது, காட்பாடி தாண்டினதுமே ஆரம்பிச்சிடுச்சு என்று அப்பாவைக் கேலி செய்தார். அப்பா வழக்கம்போலச் சிரித்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தேன். நெடி கண்ணைக் கரித்தது. கொஞ்சம் பின்தங்கினேன், குறைந்தது. மறுபடி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன், மறுபடி கரித்தது. சுறா கெட்டால் மூத்திர நெடி அடிக்கும். ராயபுரத்தில் பெண்கள் அதை முகர்ந்து பார்த்து மீன்காரியின் மூஞ்சியிலேயே விட்டெறிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு வாடையும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். கடற்கரைக்காரர் அதை ஊரின் நாற்றம் என்று நினைத்துக்கொண்டார். ஊர்க்காரர்களுக்கோ எந்த நாற்றமும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறந்தால் சூடு.

அத்தை பெட்டியைத் திறந்து, பெரிய பரீட்சைக்காரி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது என்று தீர்ப்புச் சொன்னாள். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீரைப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் மிளகும் போட்டுப் புட்டு கிளறினாள். நான் அடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டு தடவை அத்தை என்று கூப்பிட்டேன். இன்னா என்று திரும்புவாள். ஒன்றுமில்லை என்பேன். சட்டியைத் தட்டிவிட்டுவிடலாமா என்று பார்த்தேன், கை வரவில்லை. எங்கள் தெருப் பூனை வந்து, கழித்துப் போட்ட தோலை முகர்ந்துவிட்டு, தொடாமல் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பூனைக்குக்கூடப் பிள்ளை பெற்றவள் மேல் எவ்வளவு மரியாதை பார் என்று அத்தை மெச்சிக்கொண்டாள். அந்தப் பத்தியச் சாப்பாட்டை வேறு யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பது அவள் சட்டம். அதனால் உப்புப் பார்க்கக்கூட யாரும் ஒரு விள்ளல் தொடவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவுக்குத் தட்டு வந்தது. சுடுசோறு, மேலே குவியலாகப் புட்டு. எதிரில் மாமா காரியம் சாதித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அத்தை மடியில் தம்பி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா முதல் வாய் வைத்தாள். கை அப்படியே நின்றது. மாமாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், அத்தை மடியில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குனிந்து தின்ன ஆரம்பித்தாள். போதும்மா, போதும்மா என்று நான் மனசுக்குள் ஒவ்வொரு கவளத்துக்கும் கெஞ்சினேன். அவள் தட்டை வழித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டாள். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சட்டியையே கவிழ்த்துவிட்டாள்.

விடிந்ததும் ஆரம்பித்தது. முதலில் வாந்தி, பிறகு பேதி. அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால், காலரா என்று தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடும் காலம் அது. யாரும் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது என்று அத்தை எல்லாருடைய வாயையும் அடைத்தாள். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாமா ஓடிப்போய்க் கம்பவுண்டரைக் கூட்டிவந்தார். அவர் நாடி பார்த்து, ஏதோ கெட்ட ஆகாரம் போயிருக்கிறது என்று மிக்சர் கொடுத்து, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் மட்டும் விடச் சொன்னார். கெட்ட ஆகாரமா, என் கையால் செய்ததா என்று அத்தை அவர்மேல் பாய்ந்தாள். தெருவழியாகப் பெட்டியைத் தூக்கி வந்தபோது கண்ணு பட்டுவிட்டது, அதுதான் என்று அவளே முடிவு கட்டினாள். நான் மூலையில் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மசூதிப் பக்கம் திரும்பியும் கும்பிட்டேன். அம்மா செத்தால் கொன்றது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மத்தியானம் தம்பி முனகுவதும் நின்றது. அத்தை அவனை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனவள், பாதியில் நின்றுவிட்டாள். வாந்தி எடுக்கிறவள் மார்பில் பிள்ளையைப் போடக்கூடாது, அதுவும் அவள் சட்டம்தான். பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். காலா கையை நீட்டி வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவனுக்கு முதலில் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. காலா இரண்டு சொட்டு அவன் உதட்டில் விட்டாள், மறுபடி விட்டாள். அப்புறம் 'மொடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். பால் அதற்குப் பிறகும் வரவில்லை. தம்பி ஒரு வருஷத்துக்கு மேல் காலாவிடம்தான் குடித்தான். அத்தை பயந்தது அப்படியே நடந்தது. அவன் அந்த வீட்டை, காலாவின் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே, அம்மீ வீடு என்றான், பாதி நாள் அங்கேதான் தின்றான், தூங்கினான். அத்தையும் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டாள். பெருநாளைக்கு அவனுக்கு அங்கிருந்து சட்டை வந்தால் எல்லாருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொள்வாள். நான் மட்டும் மீன் வந்தால் தட்டில் ஒதுக்கிவிடுவேன். ஏன் என்று கேட்டால் முள் குத்தும் என்று சொல்லிவிடுவேன்.

வருஷங்கள் போய், என் முதல் பிள்ளை பிறந்தபோது அம்மாதான் பக்கத்தில் இருந்து பத்தியம் சமைத்துப் போட்டாள். ஒருநாள் சுறாப்புட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கொட்டினேன். அந்த மீன் கெட்டது என்று எனக்குத் தெரியும், சூட்டுக்குப் பயந்து சொல்லவில்லை, உன்னைச் சாகடிக்கப் பார்த்தேன் என்றேன்.

அம்மா சிரித்தாள். "உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? மீன்கார வூட்டுப் பொண்ணுடி நானு. மொத வாயிலயே நாக்குல சுருக்குனு ஏறிடுச்சி."

எனக்குப் புரியவில்லை. பிறகு ஏன் தின்றாய் என்று கேட்டேன்.

"உங்கத்த இன்னா சொன்னாங்க? பெத்தவ படுத்தாதான் புள்ளைய பக்கத்து வூட்டுல குடுப்பேன்னாங்க. நான் நல்லாக் குந்திக்கினு இருந்து இன்னா பிரயோஜனம்? எப்டி படுக்குறதுன்னுதான் ரெண்டு நாளா நெனச்சிக்கினு இருந்தேன். எந்தம்பி கொண்டாந்து குடுத்தான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்துப் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அதையும் நெனச்சிப் பாத்தேன். நீ பெரியவளாய்ட்ட. பசிச்சா யார்கிட்டயாவது கேட்டு வாங்கித் தின்னுடுவ. அவனுக்குக் கேக்கத் தெரியாதேடி" என்றாள்.

அந்தச் சுறா வந்தபோது எனக்கு ஏழு வயது.