மைக்கில் படித்த நோட்டு

அப்போது என் அக்கா ஐந்து வருடமாக எங்கள் வார்டின் மெம்பர். அதற்கு முன்பு தையல்காரி. மெம்பரான பிறகும் தையல்காரிதான்; மெம்பர் வேலை மெஷினுக்குப் பக்கத்திலேயே நடந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கிக்கொண்டே குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வார்கள். திரும்பச் சொன்னால் திரும்பி நின்று மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். அக்கா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள், அதனால் குறுக்கே பேசமாட்டாள். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆள் எங்கே கிடைக்கும் என்று அவளைப் பிடித்துத் தேர்தலில் நிற்க வைத்துவிட்டார்கள். எல்லாம் குண்டூசி செய்த வேலை என்று நான் சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நான் பம்பு மெக்கானிக். என்னிடம் இருந்த பழைய மூன்று சக்கர வண்டிதான் அவளுடைய பிரச்சார வண்டி. கூரையில் ஒலிபெருக்கி, முன்னால் ஏணிப் படம், உள்ளே நான். கைபேசி எல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அது. இரண்டாவது முறையாக அக்கா நின்றாள். எதிரே செங்கல் சூளைக்காரர். அவருக்கு ஜீப், இரண்டு ஒலிபெருக்கி, கூடவே கோஷம் போட ஆறு பேர். கையை ஆட்டிக்கொண்டே அரை நாளில் வார்டு முழுவதையும் சுற்றி முடித்துவிடுவார்.

அக்காவுக்கு ஒரு தெரு முடிய ஒரு நாள் ஆகும். ஓட்டுக் கேட்கவே மாட்டாள். வீட்டுக்குள் போய் உட்காருவாள், தண்ணீர் வாங்கிக் குடிப்பாள், "என்ன குறை?" என்பாள், நோட்டைப் பிரிப்பாள். கழுத்தில் தொங்குகிற அளவு டேப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். நான் வெயிலில் வண்டியோடு காய்வேன். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிஷம் என்று கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நீள நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். யார் வீடு, என்ன குறை, ஒரு வரியில். வேலை முடிந்தால் பக்கத்தில் ஒரு டிக். தெருவிளக்கு, சாக்கடை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கும். குடும்பச் சண்டையும் அதில்தான் இருக்கும். ஊர்ப் பொது வேலை ஒரு பக்கம், வீட்டு ரகசியம் ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அவளைப் பொறுத்தவரை எல்லாமே குறைதான். இந்த விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஓட்டுப்பதிவுக்கு ஆறு நாள் இருந்தது. கடைத்தெரு மூலையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். ஏணிச் சின்னத்தில் நிற்கிற என் அக்கா, எதிர் வீட்டில் நிஜமான ஏணியில் ஏறி, ஒழுகுகிற கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்று நோட்டை என் இருக்கையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சூளைக்காரரின் ஜீப் வந்தது. டீக்கடை முன்னால் நின்று, "அஞ்சு வருஷமா இந்தம்மா என்ன கிழிச்சாங்கன்னு கேளுங்க" என்று அவர் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன கிழித்தாள் என்று சொல்ல நோட்டு பக்கத்திலேயே இருக்கிறதே. மைக்கை எடுத்தேன், முதல் பக்கத்தைப் பிரித்தேன், டிக் போட்டதை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

நாலாம் வீடு, தெருவிளக்கு, முடிந்தது. ஏழாம் வீடு, சாக்கடை மூடி, முடிந்தது. கூட்டம் சேர்ந்தது. ஜீப்பில் கோஷம் நின்றது. எனக்கு வேகம் வந்துவிட்டது. வேகம் வந்தால் என் வாய் படிப்பது என் காதில் விழாது. தபால்காரர் வீடு, மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை, பேச வைத்தாயிற்று, முடிந்தது. கூட்டம் சிரித்தது. என்னைப் பாராட்டிச் சிரிப்பதாக நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன். சூளைக்காரர் வீடு, கொல்லைப்புறக் குழாய், அவருக்குத் தெரியாமல் அவர் சம்சாரம் கேட்டது, முடிந்தது. டீக்கடையில் ஒருவர் பெஞ்சிலிருந்து விழுந்தே விட்டார். ஜீப் கிளம்பிப் போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பக்கத்தில் ஒரு டிக் இல்லை, வரிசையாகப் பதினேழு டிக். இதுதான் இருப்பதிலேயே பெரிய வேலை போலிருக்கிறது என்று நினைத்து, குரலை உயர்த்திப் படித்தேன்.

"தச்சர் வீடு. எழுத்துத் தெரியாது. மகள் கடிதம், சனிக்கிழமைதோறும் படித்துக் காட்ட வேண்டும்."

அந்தத் தச்சரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கதவு, பள்ளிக்கூட பெஞ்சு, எல்லாம் அவர் கைவேலை. மனைவி இல்லை. ஒரே மகள் தூரத்து நகரத்தில் நர்ஸ். தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டே எல்லாச் செய்தியையும் தெரிந்துகொள்வார் என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் அங்கேதான் இருந்தார். பேப்பரை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், பெஞ்சில் வைத்தார், எழுந்து போனார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்து மைக்கை வாங்கி அணைத்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் திட்டவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தோத்தா தோத்துட்டுப் போறேன். மறுபடியும் துணி தைப்பேன். ஆனா இனிமே யாருடா என்கிட்ட வாயத் தொறந்து ஒரு விஷயம் சொல்லுவாங்க?"

வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாளிலிருந்து பிரச்சாரம் கிடையாது என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் யார் யார் வீட்டு விஷயத்தை மைக்கில் படித்தேனோ அந்த வீடுகளுக்கெல்லாம் நடந்தே போனாள். தப்பு என் வீட்டுத் தப்பு என்று சொல்லி, நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்தாள். நான் பின்னால் வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும் என்பது உத்தரவு. தபால்காரரின் அம்மா கோபித்துக்கொண்டார்தான். ஆனால் அவர் கோபம் வேறு. மருமகள் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறாய், என் பக்கத்து நியாயத்தை ஏன் எழுதவில்லை என்று அக்காவை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விட்டுப்போனதை எல்லாம் சொன்னார். சூளைக்காரர் மனைவி கொல்லைப்புறக் கதவு வழியாக எங்களைக் கூப்பிட்டார். புருஷன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். மறுநாள், முன்பக்கத்துக்கும் ஒரு குழாய் போடச் சொல்லேன் என்றாராம். அதை அக்கா நோட்டில் இன்னொரு பக்கத்தில் எழுதிக்கொண்டாள்; என் மனசு லேசாகிச் சிரிப்பும் வந்தது.

தச்சர் வீட்டில் சிரிப்பு வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டது. "அண்ணே" என்று அக்கா கூப்பிட்டதும் சத்தம் நின்றது. தெரு முனைக்கு நாங்கள் போன பிறகு மறுபடியும் சத்தம் ஆரம்பித்தது. மூன்று நாள் இப்படியே. மூன்றாவது நாள் சனிக்கிழமை. மகளுடைய கடிதம் வந்துவிட்டது என்று தபால்காரர் சொன்னார். அக்கா அன்றைக்கு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அக்கா அழுது நான் பார்த்தது அதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு தாள் எடுத்து, நாலு தடவை அடித்து அடித்து எழுதி, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் முடித்தேன். யார் கண்ணிலும் படாமல் போய்த் தச்சர் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்த நிம்மதி வீட்டுப் படி ஏறும்வரைதான். படியில் கால் வைத்தபோதுதான் மண்டையில் உறைத்தது: எழுத்துத் தெரியாத மனிதருக்குக் கடிதம் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்காவிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை. கேட்டுவிட்டு அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு, அந்த நாலு நாளில் முதல் தடவையாக, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் வீட்டுக்காரரான மாமா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போய்க் கேட்டு வாங்கி வரவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது.

செவ்வாய்க்கிழமை ஓட்டுப்பதிவு. வியாழக்கிழமை எண்ணினார்கள். பதினொரு ஓட்டில் அக்கா ஜெயித்தாள். நான் படித்த பட்டியலால்தான் ஜெயித்தாள் என்று வீட்டில் மெல்ல ஆரம்பித்தேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள், அதோடு விட்டுவிட்டேன். மாலை வாங்கிக்கொண்டு வந்த அக்கா முதலில் கேட்டது, தச்சர் ஓட்டுப் போட வந்தாரா என்றுதான். வந்தார், யாரோடும் பேசாமல் போய்விட்டார் என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. தச்சர் நின்றார். கையில் இரண்டு காகிதம். எழுந்திருக்கலாமா, காலில் விழலாமா என்று யோசிப்பதற்குள் அவரே உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அக்கா வெளியே போயிருக்கிறாள், வரச் சொல்கிறேன் என்று இழுத்தேன்.

"மெம்பரத் தேடி வரல. உன்கிட்டதான் வந்தேன். ஊருக்கே படிச்சுச் சொன்னியே, எனக்கும் படி."

கையில் இருந்த கிரீஸைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

"இதுல ஒண்ணு என் பொண்ணு எழுதினது. இன்னொண்ணு கதவுக்கடியில கெடந்துச்சு. யாரு எழுதினதுன்னு தெரியல. மொதல்ல அதப் படி."

என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? வாங்கிப் பிரித்தேன். மரியாதைக்குரிய தச்சர் அண்ணனுக்கு என்று ஆரம்பித்தேன். எழுதும்போது சுலபமாக வந்தது. அவர் முகத்துக்கு முன்னால் வாயில் வரவில்லை. நான் செய்தது பெரிய தப்பு, வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் யோசிக்காமல் செய்ததும் தப்புதான். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த வரிய இன்னொரு தடவ படி."

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். யாரு எழுதினது?"

"நான்தான் அண்ணே."

"தெரியும்" என்றார். அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்ப் பட்டறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மகளின் கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இப்ப இதப் படி. மைக்கு இல்ல, மெதுவாப் படி."