உள்ளங்கையில் சீனி

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். தேயிலை எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யணும். இன்று கோத்தகிரியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம்.

வீட்டுக்காரம்மா கேட்டார், "எந்த ஊருங்க?"

அப்பா கூசாமல் சொன்னார், "கோயமுத்தூர் பக்கமுங்க."

சாவியே கைக்கு வந்துவிட்டது. பிறகு டீ வந்தது. பால் வேண்டாம் என்ற அப்பா, சீனியை இடது உள்ளங்கையில் கொட்டி, நக்கி நக்கி ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர்களின் பழக்கம் அது.

அந்தம்மா அப்பாவின் கையையே பார்த்தார்.

"ஏனுங்க, சிலோன்காரங்களா? ஊடு சொந்தத்துல ஒருத்தருக்குப் பேசியாச்சுங்க."

சாவி திரும்பிப் போனது.

பஸ்ஸில் அப்பா முனகினார், "அங்க இந்தியாக்காரன்னு தொரத்துனானுங்க. இங்க வந்தா சிலோன்காரனாம்."

அப்போது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பா பையை மடிக்கு இழுத்துக்கொண்டு என் காதில் சொன்னார்:

"வடக்கனுங்க. பாத்து இரு."

அந்தம்மா பேசிய அதே குரல். வீடு வந்து சேர்ந்தும் காதைவிட்டுப் போகவில்லை.

வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் எந்த ஆளுங்க என்று தாராளமாகக் கேட்கலாம். நாங்களும் கேட்கிற ஆளுங்கதான்.