எனக்காக அப்பா சொன்ன பாடம்

இந்த ஊரில் எதையும் சம்பந்தப்பட்டவரிடமே கேட்கிறார்கள். இங்கிலாந்தில் இந்த லீட்ஸுக்கு வந்த புதிதில், காய்ச்சலில் துவண்ட நான்கு வயது மகளை டாக்டரிடம் தூக்கிப் போனேன். அவர் என்னை ஏறிட்டும் பாராமல், எங்கே வலிக்கிறது என்று குழந்தையிடம் கேட்டார். நான் "தொண்டை" என்றேன். பதின்மூன்று வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

போன சனிக்கிழமை அவளுக்குப் பல்கலைக்கழகம் பார்க்கப் போனோம். இங்கே இரண்டு பாடங்களை இணைத்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். யாழினிக்குப் புவியியலும் பொருளாதாரமும் வேண்டும். அடையாறில் என் தம்பி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததிலிருந்து, நகரங்களுக்கு வடிகால் திட்டமிடும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். எனக்கோ கணக்கியல் சேர்ந்தால்தான் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். "என்ன படிக்க ஆசை?" என்று பேராசிரியர் கேட்டதும், "அக்கவுண்டிங், கூடவே எகனாமிக்ஸ்" என்று முந்திக்கொண்டேன்.

அப்பாவும் இப்படித்தான். தி.நகரில் எங்களுக்குப் புடவைக் கடை. மயிலாப்பூர்க் கல்லூரியில் சேரப் போன அன்று, பஸ் முழுக்க "வரலாறு, சிஸ்டர்" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல்வரான கன்னியாஸ்திரி, என்ன பாடம் வேண்டும் என்று என்னைத்தான் கேட்டார். அப்பா விடவில்லை.

"பிள்ளைக்கு காமர்ஸ்தான் பிடிக்கும் சிஸ்டர். கடைக்கும் ஆகும்லா."

வெளியே வந்ததும் மாட வீதியில் ரோஸ்மில்க் வாங்கித் தந்து, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரவில்லை எனக்கு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாரே. அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்றிருக்கிறது.

பேராசிரியர் என் பதிலை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "அருமை! உங்கள் வயதில் படிக்க வருபவர்கள் இங்கே நிறையப் பேர். இந்தப் பாடங்கள் உங்களுக்கு ஏன் பிடிக்கும்?" என்று, விரும்பும் பாடங்களை எழுதும் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். பழக்கதோஷம், அப்பா சொல்வார் என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே யாழினி இருந்தாள். "அம்மாவுக்கு ஹிஸ்டரிதான் பிடிக்கும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரோஸ்மில்க் கதைய எத்தன வாட்டி சொல்லியிருக்கே! அந்த ஃபார்ம் என்னோடதும்மா, குடு."

கொடுத்தேன். முதல் வரியில் புவியியல், அடுத்ததில் பொருளாதாரம் என்று அவளே எழுதினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மாட வீதியிலும் நின்றுகொண்டிருந்தேன், கையில் காலி டம்ளரோடு, அப்பாவிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையோடு.