தீபனுக்குக் கால்

சிலிபின் கடைத்தெருவில் என் பூக்கடைக்கு அடுத்த கடைதான் தர்மா என்கிற தர்மேந்திரனின் ஸ்டூடியோ. பிள்ளைகளின் பிறந்தநாள் பேனருக்குப் படம் செய்வது அவன் பிழைப்பு. அழுமூஞ்சிப் பிள்ளையின் போட்டோவைக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்து, டிராகன் மேல் ஏற்றி, கையில் வாள் கொடுத்து, ராஜா ஆக்கி அனுப்பிவிடுவான். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. பெற்றவள் கொடுத்த முகம் போதாதா என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். "முத்தம்மாக்கா, பிள்ளைங்க சிரிக்கிது, அது போதும்லா" என்பான். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சின்ன வயதில் தன்னை ஒருவரும் படம் எடுத்ததே இல்லை என்று ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

தீபனின் படத்தை அவன் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். தீபன் எங்கள் வரிசை வீட்டுக் கலாதேவியின் ஒரே மகன். இறக்கை வேண்டும், கழுகுக்கு இருப்பதுபோல் பெரிதாக வேண்டும் என்று தர்மாவின் நாற்காலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்டான். கொண்டுவந்த போட்டோவில் முழங்காலுக்குக் கீழே இல்லை. இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. அடியில் தண்ணீரை விட்டால் வெட்டுப்பட்ட கால் மறைந்துவிடும். தர்மா ஓர் ஏரியை வைத்தான். நல்ல நீலம், மேலே கொஞ்சம் பனி. இறக்கை விரித்த தீபன் அதன் நடுவில் நின்று சிரித்தான். அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

பேனரைக் கழற்றி மடித்துவைத்த மறுவாரம், தீபன் கூட்டாளிகளோடு மீன் பிடிக்கப் போய், பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மூழ்கிச் செத்துப்போனான். போயிட்டு வா என்று அனுப்பியவள் கலாதேவி. பத்துமலை என்பது அவன் அப்பாவின் பேர்; அவர் லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பியபோது பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கருமகிரியைக்கு முன்னால் கலாதேவி ஸ்டூடியோவுக்கு வந்தாள். எப்படி இருந்தவள், துரும்பாகிப் போயிருந்தாள். படையலுக்கு அந்த இறக்கைப் படத்தைத்தான் வைக்க வேண்டுமாம்.

"அவன் ஆசப்பட்ட படம் அண்ணே. தண்ணிய மட்டும் எடுத்துருங்க. எம்புள்ள தரையில நிக்கணும்."

தர்மாவின் முகம் செத்துவிட்டது. தண்ணீரை எடுத்தால் கால் வேண்டும். அவள் போனில் கால் தெரிந்த படங்களில் எல்லாம் பிள்ளை பள்ளிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றான். சப்பாத்துக் காலோடு படையலில் வைக்க முடியுமா? இணையத்தில் ஒரு கால் தேடிப் பார்க்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவன் காலையோ கொண்டுவந்து எங்கள் பிள்ளைக்கு ஒட்டுவாயா என்று கேட்டேவிட்டேன்.

கலாதேவி செருப்பைக் கழற்றினாள். சிமெண்டுத் தரையில் கால்களைச் சேர்த்துவைத்து நின்றாள்.

"அவனுக்கு என் காலுதான் அண்ணே. ரெண்டாவது விரலு நீட்டு. இத வைங்க."

மெட்டி இருக்கிறதே என்றேன். புருஷன் இருக்கும்போது கழற்ற மாட்டேன் என்றாள். பேசாத புருஷனுக்கு மெட்டி ஒரு கேடா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, தர்மா மண்டியிட்டு அந்தக் கால்களைப் படம் எடுத்தான். எடுக்கும்போதே அழுதான்.

அது முடியும்வரை வேறு வேலையைத் தொடவில்லை. தாயின் காலைப் பிள்ளையின் அளவுக்குச் சுருக்கினான், நிறத்தைப் பொருத்தினான், ஏரி இருந்த இடத்தில் செம்மண்ணைப் பரப்பினான். பாதத்தின் அடியில் நிழல் போட்ட பிறகுதான் பிள்ளை உண்மையாகவே நிற்பதுபோல் இருந்தது.

படையலன்று நான் மாலை கட்டி எடுத்துப்போனேன். தர்மாவும் வந்தான். இலையில் தீபனுக்குப் பிடித்த கோழியும், பக்கத்தில் ஒரு கப் மைலோவும் வைத்திருந்தார்கள். பத்துமலை சூடம் ஏற்றக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. படத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். மெட்டியை அழித்தவன், அது விரலில் அழுத்திய பள்ளத்தை அழிக்க மறந்திருந்தான். ஆம்பளைப் பிள்ளையின் இரண்டாவது விரலைச் சுற்றி மெல்லிய தடம். தர்மா என் கையைப் பிடித்து, கெடுத்துட்டேன்கா என்று முணுமுணுத்தான்.

பத்துமலை அந்தத் தடத்தை விரலால் தடவினார். கல்யாணத்தன்று அந்தக் காலைப் பிடித்து மெட்டி போட்டுவிட்ட கை அது. கலாதேவி அடுப்படி வாசலில் ஒதுங்கி நின்றிருந்தாள். அவர் திரும்பாமலே கூப்பிட்டார்.

"கலா. இங்க வா. புள்ள பக்கத்துல வந்து நில்லு."

அவள் வந்தாள். நிற்க முடியாமல் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பத்துமலை அவள் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.